சாவுக்குக் கணக்குக் கேட்டபோது பிறந்த படிப்பு

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் பாறை உடைக்கத் தெரிந்தவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பூமி அப்படி. மேலே கொஞ்சம் மண், கீழே சுக்காங்கல், அதையும் தாண்டினால் கருங்கல். மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்திலேயே அறுபது அடி, எண்பது அடி என்று கிணறு இறக்கியிருக்கிறார்கள். கிணறு வெட்டிய போயர் சமூகத்துப் பெரியவர்கள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையில் தமர் என்னும் துளை அடிப்பார்கள். மருந்து கெட்டித்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு, "வேட்டு! வேட்டு!" என்று கத்தியபடி மேலே ஏறி வருவார்கள். பாறையின் ஓட்டம் எந்தப் பக்கம், எந்த இடத்தில் தமர் போட்டால் கல் பிளக்கும், எங்கே போட்டால் மருந்து வெறும் புகையாகப் போகும் என்பதெல்லாம் சம்மட்டியால் தட்டிப் பார்த்தே தெரிந்துவிடும். பிற்பாடு கம்ப்ரசர் வண்டி வந்தது, சம்மட்டிக்கு ஓய்வு கிடைத்தது. தட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன், "மைனிங் இன்ஜினீயரிங் எடுக்கறேன்" என்றால் வீட்டில் என்ன கேட்பார்கள்? "குழி தோண்டறதுக்கு எதுக்குங்க தம்பி நாலு வருசம்?" சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உலகம் காலேஜ் இல்லாமல்தான் தோண்டிக்கொண்டிருந்தது. நம் கொங்கு நாடும் அப்படியே. காங்கயத்துக்குப் பக்கத்தில் படியூர் இருக்கிறது. அங்கே கிடைத்த பச்சை நீலக் கல்லை, பெரில் என்று சொல்லும் மணிக்கல்லை, வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குத்தகை எடுத்துத் தோண்டினார்கள். அதற்கும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நொய்யல் கரையில் கொடுமணலில் மணி கோத்திருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள். இந்த வணிகத்துக்கு ரோமாபுரியிலிருந்து வந்த வெள்ளிக் காசு கொங்கு நாடெங்கும் புதையலாகக் கிடைத்திருக்கிறது. உடுமலைக்குப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1891இல் ஒரு பெரிய குவியலே அகப்பட்டது. அந்த மணிக்கல்லைத் தோண்டியவர்களிடம் சான்றிதழ் கேட்டவர் யாருமில்லை.

அப்படியானால் சுரங்கத்துக்கு ஒரு படிப்பு எப்போது, எதனால் தேவைப்பட்டது? அறிவியல் வளர்ந்தது, எந்திரம் வந்தது, ஆகவே கல்லூரி வந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். நான் அதை முழுதாக நம்பவில்லை. எந்திரம் வந்தபின்னும் பல காலம் படிப்பில்லாமல் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்தியாவில் இந்தப் படிப்பை வரவழைத்தது, செத்துப்போனவர்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி. அந்தக் கேள்வியின் ஒரு நுனி தமிழர்கள் வேலை செய்த இடத்தில் இருக்கிறது: கோலார் தங்கவயல்.

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாருக்கு வந்தது. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே வெள்ளீயமும் செம்பும் தோண்டிப் பரம்பரையாகப் பழகியவர்கள் அவர்கள்; கேப்டன் என்று பெயர். கீழே இறங்கிப் பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து பஞ்சம் துரத்திப் போனவர்கள். 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் போனது. பம்பாய்க்கும் சென்னைக்கும் ஒழுங்காக மின்விளக்கு வராத காலம். பணத்துக்கும் பொறிக்கும் அங்கே குறைவே இல்லை. குறைவாக இருந்தது வேறு ஒன்று.

ஊர்க் கிணற்றில் கல் சரிந்து ஆள் போய்விட்டால் ஊரே கூடும். மருந்து கெட்டித்தவன் யார், திரி வைத்தவன் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே, இருட்டில், நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் குழியில் ஒரு விபத்து நடந்தால்? முதலாளி கப்பல் தூரத்தில் இருக்கிறார். கேப்டன், கூலியாள் கவனமில்லாமல் நடந்துகொண்டான் என்பார். கூலியாள் உயிரோடு இல்லை.

1894இல் ஜேம்ஸ் கிரண்டி என்பவர் இந்தியாவின் முதல் சுரங்க ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். தனி அலுவலகம்கூட இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஒரு மூலையில் அவருக்கு இடம். பாதுகாப்பு விதிகள் வேண்டுமா, வேண்டாமா என்று அரசாங்கம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அதற்குள் 1897இல் கோலார் தங்கவயலில் ஒரு விபத்தில் 52 பேர் மாண்டார்கள். 1899இல் பலுசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். இந்த இரண்டு விபத்துகள்தான் சட்டத்தை அவசரப்படுத்தின என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்ககமே தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறது. 1901 மார்ச்சில் இந்தியச் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. 1902 ஜனவரி 7ஆம் தேதி கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறந்தார்கள்.

இந்தச் சட்டங்கள் வரிசையாக வளர்ந்தபோது சுரங்க முதலாளிக்கு ஒரு புதுத் தொல்லை சேர்ந்தது. சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் மேலாளர் என்று ஒருவர் வேண்டும். அவர் தகுதிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கீழே நடப்பதற்கெல்லாம் தன் பெயரில் பொறுப்பேற்க வேண்டும். இரும்பும் நிலக்கரியும் வைத்திருந்த கம்பெனிக்குக் கையெழுத்துப் போடத் தகுந்த ஆள் எங்கே கிடைப்பார்? இங்கிலாந்தில்தான். கப்பல் செலவு கொடுத்துக் கூட்டி வர வேண்டும்.

அதே 1901ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸின் 17ஆம் மாநாடு, தின்ஷா வாச்சா தலைமையில். அரசாங்கமே ஒரு சுரங்கப் பொறியியல் கல்லூரியை இங்கிலாந்தின் ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் மாதிரியில் இந்தியாவில் அமைக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். மார்ச்சில் சட்டம், டிசம்பரில் தீர்மானம். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குழிக்குள் சாகிற வேலை இந்தியனுக்கு, குழிக்குப் பொறுப்பேற்கிற வேலை வெள்ளைக்காரனுக்கு என்று சட்டமே பிரித்துக் கொடுத்துவிடுமோ என்ற பயம் படித்தவர்களுக்கு வந்திருக்க வேண்டும்.

தீர்மானம் போட்டதும் கல்லூரி வந்துவிடவில்லை. 25 வருஷம் இழுத்தது. இடையில் 1906இல் கல்கத்தாவை அடுத்த சிப்பூர் பொறியியல் கல்லூரியில் சுரங்க வகுப்புத் தொடங்கினார்கள். 1923இல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஒரு துறை வந்தது. மெக்பெர்சன் குழு என்று ஒன்றை அமைத்து, யோசித்து, 1920இல் அறிக்கை வாங்கி, கடைசியில் 1926 டிசம்பர் 9ஆம் தேதி வைஸ்ராய் இர்வின் பிரபு தன்பாத்தில் இந்தியன் ஸ்கூல் ஆஃப் மைன்ஸைத் திறந்துவைத்தார். டேவிட் பென்மன் முதல் முதல்வர். தன்பாத் எதற்கு என்றால், சுற்றிலும் ஜாரியா நிலக்கரி வயல். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சுரங்க ஆய்வு அலுவலகம் 1908இலேயே கல்கத்தாவிலிருந்து அந்த ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. விசாரிக்கிறவர்கள் முதலில் வந்தார்கள். பதில் சொல்லப் பழக்குகிற பள்ளி பிறகு வந்தது. அந்தப் பள்ளி 1967இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2016இல் ஐ.ஐ.டி. ஆனது. இன்றும் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் விடாமல் வைத்திருக்கிறது.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. சாக்சனி நாடு ஏழாண்டுப் போரில் கஜானாவைத் தொலைத்துவிட்டு நின்றபோது, வெள்ளிச் சுரங்கத்தை நம்பி 1765இல் ஃபிரைபெர்க்கில் சுரங்கக் கழகம் தொடங்கியது. அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அங்கே படித்தவர். தினமும் காலையில் குழிக்குள் இறங்கிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். பாரிஸில் 1783, லண்டனில் 1851. அவர்களுக்குக் காசுக் கணக்கிலிருந்து வந்த படிப்பு நமக்குச் சாவுக் கணக்கிலிருந்து வந்தது. படிப்புக்குள்ளே நுழைந்து பார்த்தால் இந்த வித்தியாசம் கொஞ்சம் மங்கிவிடும். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் யாரோ செத்திருக்கிறார்கள்.

காற்றோட்டம் என்று ஒரு பாடம், மாணவர்கள் வென்டிலேஷன் என்பார்கள். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் காற்றில் 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். குறைந்தால் வெடிக்காது, கூடினாலும் வெடிக்காது. 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இப்படிப் போனார்கள். அதன் பிறகுதான் ஹம்ஃப்ரி டேவி 1815இல் வலைக்கம்பி சுற்றிய காப்பு விளக்கைச் செய்தார். வலைக்கம்பி தீச்சுவாலையின் சூட்டை வாங்கிக் குளிர்த்துவிடும். உள்ளே எரிகிற தீ வெளியே தாவாது. சுவாலையின் தலையில் தெரியும் நீல நிறத்தை வைத்தே வாயுவின் அளவைச் சொல்லலாம். இந்த விளக்கைப் பிடித்து வாயு பார்க்கத் தனிச் சான்றிதழ் உண்டு.

தண்ணீர் இறைப்பது இன்னொரு பாடம். இங்கே உடுமலைக்காரர்களுக்குக் காது நிமிர வேண்டும். உலகத்தில் நீராவி எந்திரம் முதலில் உருப்படியாக வேலை செய்தது ரயிலிலும் இல்லை, நூற்பாலையிலும் இல்லை. 1712இல் தாமஸ் நியூகமன் வைத்த எந்திரம், சுரங்கத்துக்குள் ஊறிய தண்ணீரை வெளியேற்றிய பம்பு. 1932இல் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்து, கவலை மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் மாட்டினோமே, அந்தப் பம்பின் பாட்டனார் சுரங்கத்தில் பிறந்தவர். கோவைப் பட்டறைகள் உலகத்துக்கெல்லாம் பம்பு செய்கின்றன. சுரங்கப் படிப்போ நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அளவை என்று ஒரு பாடம். மேலே இருப்பவனுக்குச் சூரியன் உண்டு, கோயில் கோபுரம் உண்டு. கீழே இருப்பவனுக்குத் திசை காட்ட ஒன்றுமில்லை. இரண்டு பக்கத்திலிருந்து குடைந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். பழைய தண்ணீர் தேங்கிய குழி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தப்பாகக் காட்டிவிட்டால், அடுத்த வெடியில் வெள்ளம் உள்ளே வந்துவிடும். 1975 டிசம்பரில் தன்பாத்துக்குப் பக்கத்தில் சாஸ்னாலாவில் அப்படி வெள்ளம் புகுந்ததில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அளவைப் படிப்புக்கு நம் பக்கத்தில் நீண்ட பரம்பரை இருக்கிறது: கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் மைக்கேல் டாப்பிங் ஆரம்பித்த நில அளவைப் பள்ளியின் வழி வந்தது. இன்று அதே கல்லூரியில் பி.இ. மைனிங் இருக்கிறது.

பாறை இயக்கவியல் கடைசியாக வந்த பாடம். கோலாரில் குழி ஆழமாக இறங்க இறங்க, மேலே இருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறியது. வேட்டு வைக்காமலேயே வெடி. மேலே ஊரில் வீட்டுப் பாத்திரங்கள் உருளும். இந்தத் தொல்லையைப் படிப்பதற்கென்றே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கே கற்றுக்கொண்ட பாறை அறிவு மூடவில்லை. அணைக்கும் மின்நிலையத்துக்கும் மெட்ரோ குகைக்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்குள் இந்தப் படிப்புக்கு ஒரு பெரிய பட்டறை கிடைத்தது நெய்வேலியில். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் கம்பெனி பதிவானது, 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்தார், 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நான்கு வருஷம் எதற்கு ஆயிற்று? நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் ஊற்று நீர் அடைபட்டுக் கிடந்தது. மேல் மண்ணை அள்ளிப் பாரத்தைக் குறைத்தால் அந்தத் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். சுற்றிலும் கிணறு போட்டு இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தை இறக்கிய பிறகே தோண்ட முடிந்தது. இன்றைக்கும் அங்கே இறைப்பு நிற்பதில்லை. பாடத்தில் இரண்டு வரியில் வருவதை நெய்வேலியில் நேரில் பார்க்கலாம். நிலம் கொடுத்த ஊர்க்காரர்களின் வழக்கு அந்தப் பாடத்தில் வராது. வர வேண்டும் என்பது என் கட்சி.

சரி, நம் ஊருக்கு வருவோம். உடுமலை, மடத்துக்குளம் பக்கத்தில் ஜல்லிக்கும் எம்.சாண்டுக்கும் கல்குவாரிகள் இருக்கின்றன. தங்கமும் நிலக்கரியும் எடுக்கிற இடத்துக்குத்தான் சுரங்கச் சட்டம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டடக் கல், சரளை, சாதாரண மண் போன்றவற்றுக்கு 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் ஒரு விலக்குக் கொடுத்தது உண்மை. திறந்த குழி என்றால், ஆழம் எந்த இடத்திலும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடிமருந்து பயன்படுத்தக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. ஆறு மீட்டர் என்பது ஏறக்குறைய இருபது அடி. வெடி வைக்காமல் ஜல்லி எங்கே வருகிறது? ஆக, நாம் சாலையில் போகும்போது பார்க்கிற குவாரி சட்டக் கணக்கில் ஒரு சுரங்கம். கோலாரில் 52 பேர் இறந்ததால் வந்த அதே விதிப் பரம்பரை இங்கேயும் ஆள்கிறது. மேலாளர் வேண்டும், ஃபோர்மேன் வேண்டும், மைன்ஸ் மேட் வேண்டும், வெடி வைக்கச் சான்றிதழ் பெற்ற பிளாஸ்டர் வேண்டும். முகப்பைச் செங்குத்தாக விடாமல் படிக்கட்டுப் போல வெட்ட வேண்டும். காகிதத்தில் எல்லா இடத்திலும் இவர்கள் இருப்பார்கள். குவாரியில் இருக்கிறார்களா என்பதை நடந்து போய்ப் பார்த்தால் தெரியும்.

நம் எண்பது அடிக் கிணற்றை மட்டும் எந்தச் சுரங்க ஆய்வாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீருக்குத் தோண்டுகிறவனின் உயிருக்கு ஊர்தான் இன்னமும் பொறுப்பு.

மலைப்பக்கம் திரும்பினால் இன்னொரு முகம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் ஆனைமலைக்குள் குகை குடைந்துதான் மேற்கே ஓடிய தண்ணீர் நம் வயலுக்கு வந்தது. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் மின்நிலையமே மலைக்குள் இருக்கிறது. 100 மெகாவாட் எந்திரம் நான்கு. 1980களின் கடைசியில் ஓடத் தொடங்கின. தேவை குறைந்த நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை கூடும்போது இறக்கிவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். கனிமம் ஒன்றும் அங்கே எடுக்கவில்லை. பாறைக்குள் ஒரு கூடம் வெட்டி, அது இடிந்து விழாமல் நிறுத்தியது சுரங்கக்காரர்களின் கலை. இப்படிப்பட்ட வேலைக்குத்தான் இனிமேல் ஆள் அதிகம் தேவைப்படும் என்று நினைக்கிறேன். நிலக்கரியை நம்பி நாற்பது வருஷ உத்தியோகத்தைக் கணக்குப் போடுவது இன்றைய பையனுக்குச் சரிப்படாது.

பட்டம் கையில் வந்ததும் வேலை முடிந்ததா என்றால், இல்லை. மற்றப் பொறியியல் படிப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடே இங்கேதான். பட்டயமோ பட்டமோ முடித்தவர் ஓராண்டு சுரங்கப் பயிற்சி எடுப்பார்; பிறகு வேலை செய்த அனுபவக் காலத்தைக் காட்டி, தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் தேர்வை எழுதி, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு மேலாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். கல்லூரி கொடுத்த தாளை வைத்துக் குழிக்குப் பொறுப்பேற்க முடியாது. முதலுதவிச் சான்றிதழ்கூடத் தனியாகக் கேட்பார்கள்.

இதே சட்டம் ஒரு கதவை நெடுங்காலம் அடைத்தும் வைத்திருந்தது. 1952 சட்டத்தின் 46ஆம் பிரிவு, நிலத்துக்கடியில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். நிலத்தடி அனுபவம் இல்லாவிட்டால் நிலத்தடிச் சுரங்கத்துக்கு மேலாளர் சான்றிதழ் கிடைக்காது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் மேலே ஏற வழியில்லை. வகுப்பில் முதல் இடம் வாங்கிய பெண்ணும் கணினி முன்னால் உட்கார்ந்து வரைபடம் போடுவதோடு நின்றாள். 2019 ஜனவரி 29ஆம் தேதி மத்திய அரசு விதிவிலக்கு அறிவித்தது. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளில், காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரை, பெண்கள் நிலத்துக்கடியில் இறங்கலாம் என்றது அது. அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், ஒரு ஷிப்டில் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இப்போது உடுமலையில் ஒரு பெண் பிள்ளை மைனிங் எடுக்கிறேன் என்றாலும் வீட்டில் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். மூன்று பேர் சேர்ந்து போக வேண்டும் என்ற விதியைச் சொன்னால், அம்மா பாதி சம்மதித்துவிடுவார்.